செய்வினை என்று சொல்லிவிட்டார்கள். விசுவாசக் குடும்பம் என்ன செய்வது?

கடுகுவிதை (ரெலாவ், பினாங்கு)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் பாயான் லெபாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் மாறி மாறி வரும். போன வருஷக் கடைசியில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். அதிலிருந்து தூக்கத்தில் யாரோ அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்குவது போல் இருக்கிறது. கண் திறந்திருக்குமாம், கை கால் அசையாதாம். இயேசுவே என்று கூப்பிட முயன்றால் சத்தம் வராதாம். கதவோரம் கறுப்பாக ஓர் உருவம் நிற்கிறது என்கிறார். பகலிலும் ஆள் சரியாக இல்லை. சாப்பாடு குறைந்துவிட்டது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறார், ஆலயத்துக்கு வந்தாலும் ஆராதனை முடியும் முன்பே எழுந்து போய்விடுகிறார்.

என் அம்மா இன்னும் இந்து. பட்டர்வொர்த் பக்கம் ஒருவரிடம் போ, பழம் மந்திரித்துக் கொடுப்பார் என்கிறார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. செல் குரூப்பில் ஒரு சிஸ்டர் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஊழியரை அழைத்து வந்தார். அவர் வீட்டுக்குள் கால் வைத்ததுமே, "இது செய்வினை. உங்கள் கணவர் குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஒரு பெண் செய்தது" என்றார். எங்களுக்கு உடனே என் ஓரகத்தி முகம்தான் வந்தது. மாமனார் வீட்டுப் பங்கு விஷயத்தில் அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை. மூன்று விடுதலைக் கூட்டம், அபிஷேக எண்ணெய் எல்லாம் சேர்த்து 900 வெள்ளி (ரிங்கிட்) காணிக்கை ஆகும் என்றார் அந்த ஊழியர். இன்னும் கொடுக்கவில்லை.

ஞானஸ்நானம் எடுத்தவர்மேல் செய்வினை வேலை செய்யுமா? நாங்கள் எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெபவீரன் (பட்டர்வொர்த்)

சிஸ்டர், இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். நான் மாந்திரீகப் பின்னணியிலிருந்து இரட்சிக்கப்பட்டவன். என் தாத்தா குறி சொன்னவர். அந்த உலகம் பொய் என்று யாராவது சொன்னால் அவர்கள் பார்த்ததில்லை என்று அர்த்தம். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று எபேசியர் 6:12 சொல்கிறது.

முதலில் வீட்டை அலசுங்கள். பழைய தாயத்து, தகடு, மந்திரித்த கயிறு, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பொருள் ஏதாவது இருந்தால் எடுத்துப் போடுங்கள். எபேசுவில் விசுவாசிகள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. அப்புறம் குடும்பமாக உபவாசம் எடுங்கள். மாத்திரை இதற்குத் தீர்வு ஆகாது.

வார்டு_நர்ஸ் (கோலாலம்பூர்)

அக்கா, நானும் விசுவாசிதான், அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்கிறேன். பிரதர் சொன்ன கடைசி வரியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நெஞ்சை அமுக்குவது, அசைய முடியாதது, குரல் வராதது, கதவோரம் உருவம் நிற்பது, இந்த நான்கும் சேர்ந்து வந்தால் மருத்துவத்தில் அதைத் தூக்க முடக்கம் என்பார்கள். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான். கனவு காணும் நேரத்தில் நாம் கனவில் ஓடுவதற்கெல்லாம் உடம்பும் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் மனசு விழித்துவிடும், தசை விழிக்காது. சில விநாடி, சில நிமிஷம் அப்படியே கிடப்போம். கனவின் மிச்சம் கண்ணெதிரே உருவமாகத் தெரியும். மூச்சு நிற்பது போல இருந்தாலும் நிற்காது. தூக்கம் குறைந்தவர்கள், ஷிஃப்ட் மாறி வேலை செய்பவர்கள், மனக்கவலையில் இருப்பவர்கள், மல்லாந்து படுப்பவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வரும்.

ஆனால் எனக்குக் கவலை தருவது நீங்கள் அப்புறம் சொன்னதுதான். சாப்பாடு குறைவது, எரிந்து விழுவது, கூட்டத்தை விட்டு விலகுவது. இவை மனச்சோர்வின் அடையாளங்களாக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு, அழைத்துப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சுத் திணறுகிறாரா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அது வேறு பிரச்சினை, அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. வாழ்வதே வேண்டாம் என்பது போல ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) என்ற அமைப்பு 24 மணி நேரமும் போன் எடுக்கும். ஆபத்து என்றால் நேராக எமர்ஜென்சிக்கு.

ஜெபவீரன்

சிஸ்டர், உங்கள் வேலையை மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் மூளைக்குள்ளேயே அடக்கிவிட்டால் இயேசு துரத்தியதெல்லாம் என்ன?

வார்டு_நர்ஸ்

இயேசு துரத்தியதை நான் மறுக்கவே இல்லை, அண்ணே. மத்தேயு 4:24-ஐப் பாருங்கள். வியாதியஸ்தர், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு உள்ளவர்கள்), திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே எல்லாரையும் ஒரே கூட்டமாகச் சேர்க்கவில்லை. எல்லாரையும் அவரிடம் கொண்டுவந்தார்கள், எல்லாரையும் சொஸ்தமாக்கினார். கிளினிக்குக்குப் போகிறவர் ஜெபிக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்?

தோட்டத்து_உபதேசி

மகளே, நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பல வருஷம் தோட்டம் தோட்டமாகப் போய் ஊழியம் செய்தவன். இப்போது வயதாகிவிட்டது, ஆயர் ஈத்தாமில் மகன் வீட்டில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்.

தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காவிட்டால் முதலில் மந்திரவாதி, அவர் முடியாது என்றால் பொமோ, அதாவது மலாய் மந்திரவாதி. மதம் பார்க்க மாட்டார்கள். அவர்கள் எல்லாரும் கடைசியில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "உனக்கு வேண்டப்பட்டவர்தான் செய்தார்." பெயர் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரி, மாமியார் வழி, நெற்றியில் மச்சம் உள்ளவள் என்று ஓர் அடையாளம் மட்டும். பெயரை நாமே போட்டுக்கொள்வோம். ஆவி கெடுத்த குடும்பங்களை விட இந்த ஒரு வாக்கியம் கெடுத்த குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி செத்த வீட்டுக்குக்கூடப் போகாமல் இருந்தார்கள்.

இப்போது அதே வாக்கியத்தை பைபிளைக் கையில் பிடித்தவர் சொல்கிறார். ஜெபவீரன் தம்பி சொன்ன அந்த வசனத்தையே எடுத்துக்கொள். நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல. உன் ஓரகத்தி மாம்சமும் இரத்தமும்தானே? அவளை எதிரியாகக் காட்டியவர் அந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதற்கு விரோதமாக நடந்திருக்கிறார்.

நான்கு சுவிசேஷத்தையும் திறந்து பார். பிசாசு பிடித்தவர்கள் எத்தனை பேர் வந்தார்கள்! "உனக்கு இதை ஏவிவிட்டது யார்" என்று இயேசு ஒருவரிடமாவது கேட்டாரா? ஒரு தகப்பனிடம் "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று" என்று கேட்டார், அது மாற்கு 9. லேகியோன் என்ற பிசாசுக் கூட்டத்திடம் பெயரைக் கேட்டார். அவ்வளவுதான். யார் செய்தது என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. அதைத் தொடாமலே அத்தனை பேரையும் விடுவித்தார்.

செய்வினை உண்டா இல்லையா என்று கேட்கிறாய். எண்ணாகமம் 22 முதல் 24 வரை இன்று ராத்திரி வாசி. மோவாபின் பாலாக் ராஜா இஸ்ரவேலைச் சபிப்பதற்காகக் குறிசொல்லும் பிலேயாமைக் கூலி கொடுத்து வரவழைத்து மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான். ஏழு பலிபீடம், ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா. ஓர் இடத்தில் பலிக்கவில்லை என்றதும் வேறொரு மலை. அங்கேயும் பலிக்கவில்லை, மூன்றாவது மலை. கீழே கூடாரங்களில் இஸ்ரவேல் ஜனங்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். மேலே ஒருவன் தங்களைச் சபிக்க நிற்கிறான் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பதிலுக்கு ஒரு சடங்கு செய்யவில்லை, யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. கர்த்தர் அந்தச் சாபத்தை ஆசீர்வாதமாக மாற்றிப் போட்டார். "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை" என்று பிலேயாமின் வாயிலிருந்தே வந்தது.

அடுத்த அதிகாரத்தையும் விட்டுவிடாதே. வெளியிலிருந்து சபிக்க முடியாத அதே ஜனங்கள் 25-ஆம் அதிகாரத்தில் சொந்தப் பாவத்தால் விழுந்தார்கள். மந்திரத்தால் முடியாததை அவர்களுடைய இச்சை செய்தது. அதனால் வீட்டில் கயிறு தேடுவதற்கு முன்னால் மனசுக்குள் தேடு. யார்மேல் கசப்பு இருக்கிறது, எந்த மன்னிப்பு பாக்கி இருக்கிறது, புருஷன் யாரிடமும் சொல்லாமல் சுமப்பது என்ன? விசுவாசி இப்படித்தான் முதலில் தேட வேண்டும்.

பண விஷயம் ஒரு வரி. "பிசாசுகளைத் துரத்துங்கள், இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்." இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன, மத்தேயு 10:8. அந்த 900 வெள்ளியைப் பிள்ளைகள் பள்ளிச் செலவுக்கு வை.

பங்கு_இளைஞர் (புக்கிட் மெர்தாஜாம்)

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் ஒழுங்கைச் சொல்கிறேன், உதவியாக இருக்கும். பேயோட்டும் சடங்கை எங்களில் யாரும் நினைத்தபடி செய்ய முடியாது. ஆயரின் (பிஷப்பின்) தனிப்பட்ட அனுமதி பெற்ற குரு (பாதிரியார்) மட்டுமே செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 1172 சொல்கிறது. அதற்கு முன்னால் இது நோய் அல்ல என்று உறுதிப்படுத்த வேண்டும், மனநோய் மருத்துவத்தைச் சேர்ந்தது என்று எங்கள் மறைக்கல்வி நூலும் தெளிவாகச் சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சடங்கு தேவையே இல்லை. ஒப்புரவு அருட்சாதனம் (பாவ அறிக்கை), நற்கருணை, வீட்டு மந்திரிப்பு (குரு வந்து வீட்டை ஆசீர்வதிப்பது), குடும்ப செபமாலை, இதுதான் ஃபாதர் முதலில் சொல்வது. வீடு மந்திரிக்க யாரும் கட்டணம் கேட்பதில்லை.

ஜூலை 26 புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் மதம் பார்க்காமல் கூட்டம் வரும். "எனக்கு யாரோ செய்துவிட்டார்கள்" என்று அழுதுகொண்டு வருபவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அவர்களில் நிறையப் பேருக்கு முதலில் தேவைப்படுவது உட்கார்ந்து முழுவதையும் கேட்க ஓர் ஆள்.

செந்தூல்_தம்பி

ஒரு சின்னக் கேள்வி. அம்மா கட்டிய கயிறு இன்னும் என் மகன் கையில் இருக்கிறது. வெட்டினால் அம்மா மனசு உடைந்துவிடும். வெட்டாவிட்டால் பாதிப்பு வருமா?

ஜெபவீரன்

தம்பி, கயிற்றுக்குப் பயந்து வெட்டாதீர்கள். கயிறு காப்பாற்றும் என்ற நம்பிக்கை உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக எடுங்கள். அம்மா எதிரிலேயே வெட்டி வீசி அவமானப்படுத்த வேண்டியதில்லை. பேரன்மேல் உள்ள பாசத்தில் கட்டினார்கள். "அம்மா, நாங்கள் பிள்ளையை ஆண்டவர் கையில் ஒப்படைத்திருக்கிறோம், நீங்களும் அவனுக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு எடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_லூத்தரன்

ஞானஸ்நானம் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பிசாசு விசுவாசியைத் தாக்கலாம், சோதிக்கலாம், பயமுறுத்தலாம். சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்பதுதான் நாங்கள் போதிப்பது. "உங்களிலிருக்கிறவர் உலகத்திலிருக்கிறவனிலும் பெரியவர்", 1 யோவான் 4:4. சில சபைகள் இதில் வேறு மாதிரி போதிக்கின்றன, தெரியும். ஆனால் விசுவாசியிடம் "உனக்குள் பிசாசு இருக்கிறது" என்று சொல்லும்போது அவருக்குள் எவ்வளவு பயம் இறங்குகிறது என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

1530-இல் ஹியரோனிமஸ் வெல்லர் என்ற இளைஞர் கடும் மனச்சோர்வில் இருந்தார், சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். லூத்தர் அவருக்குக் கடிதம் எழுதினார். பிசாசுதான் இதைச் செய்கிறான் என்றே லூத்தர் நம்பினார். ஆனால் அவர் சொன்ன வழியைப் பாருங்கள்: தனியாக இருக்காதே, மனிதர்களோடு பேசு, சிரி, சாப்பிடு, குடி, பிசாசோடு உட்கார்ந்து வாதாடாதே. உன் பாவத்தைக் காட்டி நரகத்துக்குத் தகுதியானவன் என்று அவன் சொன்னால், ஆமாம், அதனால் என்ன, எனக்காகப் பாடுபட்ட ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல் என்றார். பிசாசை நம்பிய ஒருவர் கொடுத்த ஆலோசனையில் பாதி நம்முடைய நர்ஸ் தங்கை சொல்வது போலவே இருக்கிறது.

கடுகுவிதை

எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிலேயாம் கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கிளினிக்குக்கும் போய் வந்தோம். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து கைப்பேசி பார்க்காமல் ஜன்னலை இருட்டாக்கிப் படுக்கச் சொன்னார் டாக்டர், மல்லாந்து படுக்க வேண்டாம் என்றார், மனநலப் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வரும் வழியில் காரில் வைத்துத்தான் சொன்னார்: அவருடைய அப்பா இறந்த அன்று நைட் ஷிஃப்டில் இருந்திருக்கிறார், போனை எடுக்கவில்லை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

அந்த ஊழியருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். "அடுத்தது பிள்ளைகளைத் தாக்கும்" என்று பதில் அனுப்பியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் தூக்கம் இல்லை.

தோட்டத்து_உபதேசி

அந்தச் செய்தியை அழித்துவிடு, மகளே. எண்ணையும் பிளாக் செய். பணம் தராவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்வது பொமோ பேசும் பேச்சு, ஆண்டவருடைய ஊழியக்காரன் அப்படிப் பேச மாட்டான். உங்கள் போதகரிடம் இதைக் கட்டாயம் சொல். உன்னைப் போல எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறாரோ.

உன் புருஷன் அப்பாவைப் பற்றிச் சொன்னானே, அதைப் போதகர் எதிரில் ஒருமுறை சொல்லட்டும். யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் இடத்திலேயே, ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்றும் இருக்கிறது. போன் எடுக்காதது பாவம் என்று நான் சொல்லவில்லை. அவன் அதைப் பாவமாகச் சுமக்கிறான். குற்றஞ்சாட்டுகிறவனாகிய பிசாசு பிடித்துக்கொண்டு ஆட்டுவது இந்த மாதிரி இடத்தைத்தான். "இயேசுவின் நாமத்தில் உனக்கு மன்னிப்பு உண்டு" என்று இன்னொரு மனுஷன் வாயால் சொல்லி அவன் காதில் கேட்க வேண்டும்.

ஜெபவீரன்

சிஸ்டர், உங்கள் கணவருக்காகச் சந்தோஷம். டாக்டர் சொன்னதை விடாமல் செய்யுங்கள்.

ஆனால் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று எழுத வேண்டும். உண்மையாகவே ஆவியின் தாக்குதல் உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஜெபிக்க வேண்டிய கடமை சபைக்கு உண்டு. எங்கள் குழுவில் வைத்திருக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். தனி ஆளாக யாரும் போவதில்லை. பெண்ணுக்கு ஜெபிக்கப் பெண்கள் கூட இருக்க வேண்டும். கட்டுவது, அடிப்பது, முடியைப் பிடிப்பது, சாப்பாடு தண்ணீர் கொடுக்காமல் வைப்பது, எதுவும் கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்லவே கூடாது. கத்த வேண்டியதில்லை. பிலிப்பி பட்டணத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்த குறிசொல்லும் ஆவியிடம் பவுல் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார், அந்நேரமே அது புறப்பட்டுப் போயிற்று. ஆவியோடு பேட்டி எடுக்காதீர்கள், யார் அனுப்பியது என்று அதனிடம் கேட்டுப் பதிலை நம்பாதீர்கள். பொய்க்குப் பிதா என்று யோவான் 8:44 சொல்கிறவனுடைய கூட்டத்தின் வாயிலிருந்து வரும் பெயரை வைத்து ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாமா?

ஜெபம் முடிந்த பிறகுதான் முக்கியமான வேலை. கூட்டிப் பெருக்கி வெறுமையாக விடப்பட்ட வீட்டுக்கு, புறப்பட்டுப் போன ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது என்று இயேசு சொன்னார். அந்த ஆளுக்கு வசனம், ஐக்கியம், வேலை, நண்பர்கள் எல்லாம் வேண்டும். கூட்டம் போட்டு ஒரு ராத்திரி சத்தம் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிற ஊழியத்தால் இது முடியாது.

வார்டு_நர்ஸ்

அண்ணே, இதை எல்லா ஜெபக் குழுவுக்கும் அனுப்ப ஆசையாக இருக்கிறது. ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: யாரும் இல்லாதபோது குரல் கேட்டு, அந்தக் குரல் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால், பல நாள் தூங்காமல் இருந்தால், முதலில் மருத்துவமனை. நீங்கள் கூட வந்து வெளியே உட்கார்ந்து ஜெபியுங்கள். மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்ப் பெயரை வைத்து தஞ்சோங் ரம்புத்தான் என்று சொல்லிச் சிரிப்பார்களே என்ற பயத்தில் எத்தனை வீட்டில் ஆட்களை மறைத்து வைக்கிறார்கள். பேய் என்றால் அனுதாபம், மனநோய் என்றால் அவமானம் என்று நம் சமுதாயம் நினைப்பதால்தான் இவ்வளவு தாமதம்.

கடுகுவிதை

இரண்டு விஷயம் பாக்கி. ஓரகத்தியிடம் போய், உங்களைச் சந்தேகப்பட்டோம் என்று சொல்ல வேண்டுமா? அப்புறம், என் சின்ன மகள் அப்பா சொன்ன கறுப்பு உருவத்தைக் கேட்டுவிட்டாள், தனியாக டாய்லெட்டுக்குக்கூடப் போக மாட்டேன் என்கிறாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_லூத்தரன்

வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

தோட்டத்து_உபதேசி

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரியாத ஒரு பழியை அவள் காதில் போட்டால் உன் பாரம் இறங்கும், அவளுக்குப் புதுப் பாரம் ஏறும். சந்தேகத்தை ஆண்டவரிடம் அறிக்கையிடு. தினமும் அவள் பெயரைச் சொல்லி, அவள் பிள்ளைகள் பெயரையும் சொல்லி ஆசீர்வாதம் கேட்டு ஜெபி. பயத்தைப் போக்க இதைவிடப் பலமான ஜெபம் எனக்குத் தெரியாது, ஆசீர்வதிக்கிற ஆளைப் பார்த்து எவ்வளவு நாள் பயப்பட முடியும்? அப்புறம் ஒரு நாள் பலகாரம் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போ. வீட்டுப் பங்கு பற்றி அன்றைக்குப் பேசாதே. ஏற்கெனவே நீங்கள் வெளியில் யாரிடமாவது அவள் பெயரைச் சொல்லியிருந்தால் மட்டும் அவர்களிடம் போய், நாங்கள் சொன்னது சரியில்லை என்று திருத்து.

பிள்ளைக்கு, அப்பாவே விளக்கட்டும். தூக்கத்தில் வந்தது, டாக்டரிடம் போனேன், இயேசு என்னோடு இருக்கிறார் என்று அவள் வயதுக்கு ஏற்றபடி. படுக்கும்போது சங்கீதம் 4:8-ஐச் சொல்லிக்கொடு: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்." விளக்கு வேண்டும் என்றால் விளக்கு போட்டு வை, அது விசுவாசக் குறைவு இல்லை. அவள் காதுபட இனிமேல் பேய்ப் பேச்சு வேண்டாம், பாட்டிக்கும் சொல்லிவிடு.

ஜெபவீரன்

ஐயா சொன்னதற்கு ஆமென். சிஸ்டர், எங்கள் சபையிலிருந்து இரண்டு குடும்பங்கள் பாலம் தாண்டி ரெலாவுக்கு வரத் தயார். உங்கள் போதகரிடம் கேட்டுவிட்டு, அவரும் வரும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். காணிக்கை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சாப்பாடும் நாங்களே எடுத்து வருவோம். அவருக்கு அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட்?

கடுகுவிதை

பகல் ஷிஃப்ட், அண்ணே. சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். போதகரிடம் இப்போதே கேட்கிறேன்.